சீஃப் கெஸ்ட் ரயிலில் வருகிறார்

தாம்பரத்தில் குடியிருந்த யாரும் தாம்பரத்தில் குடியிருப்பதாகச் சொல்லிக்கொண்டதில்லை. திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் இருந்த உறவுக்காரர்களிடம் "மெட்ராஸ்ல இருக்கோம்" என்பார்கள். அதே ஆட்கள் காலையில் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால், "மெட்ராஸ் வரைக்கும் போயிட்டு வரேன்" என்பார்கள். மெட்ராஸிலேயே இருந்துகொண்டு மெட்ராஸுக்கு எப்படிப் போவார்கள் என்று சின்ன வயதில் எனக்குக் குழப்பமாக இருக்கும். வளர்ந்த பிறகு குழப்பம் போய் எரிச்சல் வந்தது. இன்றைக்கும் அந்த எரிச்சல் முழுதாகத் தீரவில்லை.

எங்கள் வீடு சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருந்தது. அப்பாவுக்குப் பாரிமுனைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தெருவில் பாதிப் பேர் எங்களைப் போலத் தெற்கேயிருந்து வந்த கிறிஸ்தவர்கள், மீதிப் பேர் ஐயர், முதலியார், பிள்ளை என்று பல வகை ஆபீஸ்காரர்கள். சாமிதான் வேறு, மற்றபடி எல்லோருக்கும் ஒரே புத்திதான். ஆண்கள் காலை ரயிலுக்கு ஓடுவார்கள். தாம்பரத்தில்தான் வண்டி கிளம்பும் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ஏறி நின்றுகொண்டு வருபவர்களை ஏதோ பாவப்பட்ட ஜன்மங்கள் என்பதுபோல அப்பா பார்ப்பார். எதிரே ஒரு கர்ப்பிணிப் பெண் நின்றாலும் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். சாயங்காலம் எழும்பூரில் ஏறினால் இடம் கிடைக்காது என்று எதிர்த் திசையில் பீச் ஸ்டேஷன் வரை போய், அங்கே காலியான வண்டியில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து, மறுபடி எழும்பூர் வழியாகவே வீடு திரும்புகிற மகான்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் தாமதமானாலும் அவர்களுக்கு அது வெற்றிதான்.

தாம்பரத்துக்கு இருந்த ஒரே பெருமை கல்லூரி. காடு மாதிரி பெரிய வளாகம், மரம், மான், கற்கட்டடம் எல்லாம் உண்டு. எங்கெங்கிருந்தோ பையன்கள் வந்து படித்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் மவுண்ட் ரோட்டில் ஆங்கிலப் படம் பார்க்க ரயிலேறுவார்கள். திரும்பி வரும்போது மவுண்ட் ரோட்டையே விலைக்கு வாங்கிவிட்டு வருபவர்கள் மாதிரி பேச்சு இருக்கும். "மச்சான், அந்த ஓட்டல்ல ஐஸ்க்ரீம் சாப்டாதவன் மனுஷனே இல்லடா" என்பான் ஒருவன். லீவுக்கு ஊருக்குப் போனதும் மெட்ராஸில் படிப்பதாகச் சொல்லுவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மெட்ராஸ்காரர்களுக்கு எங்கள்மேல் இருந்த மதிப்பையும் சொல்ல வேண்டும். புரசைவாக்கத்தில் அப்பாவின் அக்கா இருந்தார். வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வருவார். வரும்போது கூஜாவில் தண்ணீர் கொண்டுவருவார். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் ஒத்துக்கொள்ளாதாம். புரசைவாக்கத்துக் குழாயில் என்ன வந்தது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் இதைச் சொல்லும்போதே சிரிப்பு வருகிறது. செருப்பைக் கழற்றும்போதே "திரும்பிப் போக எத்தனை மணிக்கு வண்டி?" என்று கேட்பார். பாம்பு வருமா என்பது அடுத்த கேள்வி. அப்பாவும் அம்மாவும் விழுந்து விழுந்து உபசரிப்பார்கள். அவர் போன பிறகு அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

இந்த மனோபாவம் முழுசாக வெளிப்படுகிற இடம் ஒன்று உண்டு. அதுதான் விழா.

பள்ளி ஆண்டு விழா, சர்ச்சில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலம், காலனிச் சங்கத்தின் பொங்கல் விளையாட்டுப் போட்டி, வாசகசாலைத் திறப்பு என்று எதுவானாலும் ஒரு சீஃப் கெஸ்ட் வேண்டும். அவர் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. கேம்ப் ரோட்டிலேயே பேராசிரியர்கள் வசித்தார்கள். அவர்கள் வகுப்பில் உட்கார வேண்டும் என்று வெளிமாநிலத்திலிருந்து பையன்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிடலாமே என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவரா? அவரைத்தான் தினம் பாக்கிறோமே. நேத்துகூடக் கடையில கத்தரிக்கா பொறுக்கிக்கிட்டு இருந்தார்."

கத்தரிக்காய் பொறுக்குபவர் மேடையேறக் கூடாது. மெட்ராஸ்காரர்கள் கத்தரிக்காயே சாப்பிடுவதில்லை போலும்.

சீஃப் கெஸ்ட்டுகள் ரயிலில்தான் பிடிபட்டார்கள். அம்மாவின் பள்ளிக்கூடத்துத் தாளாளர், அதாவது நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர், முதல் வகுப்பு சீசன் டிக்கெட் வைத்திருந்தார். நகரத்தில் ஏதோ கம்பெனியில் உத்தியோகம், மேல்சட்டைப் பையில் இரண்டு பேனா. எதிர் இருக்கையில் ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆங்கிலப் பேப்பரை மடித்து வைத்துப் படித்தால் போதும். கிண்டி வருவதற்குள் இவர் பேச்சுக் கொடுப்பார். சைதாப்பேட்டையில் அந்த மனிதரின் உத்தியோகம் தெரிந்துவிடும். மாம்பலம் தாண்டுவதற்குள் அவர் எங்கள் பள்ளி விழாவுக்குத் தலைமை தாங்க ஒப்புக்கொண்டிருப்பார். இப்படித்தான் வருஷா வருஷம் புதுப்புதுப் பெரிய மனிதர்கள் எங்கள் ஊருக்கு வந்து, எங்கள் குழந்தைகளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அறுபதுகளின் பிற்பகுதியில் அம்மா அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைதான் இருந்தது. அதற்கு மேல் படிக்கப் பையன்கள் ஊருக்குள் இருந்த உயர்நிலைப் பள்ளிக்கு நடந்தோ சைக்கிளிலோ போய்விடுவார்கள். அங்கே பையன்களோடு பெண்களைச் சேர்க்க எங்கள் பக்கத்துப் பெற்றோர்களுக்கு மனம் வராது. பெண்கள் பள்ளிக்கூடம் என்றால் ரயிலேறி நகரத்துக்குப் போக வேண்டும். அம்மா பிடிவாதக்காரி என்பதால் என்னை ரயிலேற்றி விட்டாள். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் எட்டாம் வகுப்போடு நின்றார்கள். நான் பெண்கள் பெட்டியில் இடிபட்டுக்கொண்டு எழும்பூர் போய்ப் படித்து, அங்கேயே ஒரு கல்லூரியிலும் சேர்ந்த காலத்தில், அவர்களுக்கு இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகள் இருந்தன.

ஒவ்வொரு மே மாதமும் அம்மா வீடு வீடாகப் போவாள். எட்டாவது தேறிய பெண்களின் அப்பாக்களிடம் மன்றாடுவாள். காபி கொடுத்து, மரியாதையாகப் பேசி, ஒரே பதிலைச் சொல்லி அனுப்புவார்கள்.

"பொம்பளப் புள்ளய எப்படி டீச்சர் ரயிலேத்தி அனுப்பறது? காலம் கெட்டுக் கெடக்கு."

அந்தப் பதிலைச் சொன்னவர்கள் அதே ரயிலில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துப் போய் வந்தவர்கள்தான். ரயிலில் இருக்கும் ஆண்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததா?

அப்படியானால் ஒன்பதாம் வகுப்பை இங்கேயே தொடங்குங்கள் என்பதுதான் அம்மாவின் ஒரே கோரிக்கை. இடம் இருந்தது, பின்னால் ஒரு ஷெட் காலியாகக் கிடந்தது. தாளாளரிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். "பார்க்கலாம் டீச்சர்" என்பார். பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது புரிய அம்மாவுக்குப் பல வருஷங்கள் பிடித்தன.

பிரிவு உபசார விழாவில் ஓய்வு பெறுகிறவர் கடைசியில் எழுந்து பேசுவது வழக்கம். ஏற்புரை என்பார்கள். ஓர் ஆசிரியையை யாரும் குறுக்கே மறிக்காமல், பெற்றோர், நிர்வாகம், ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் கேட்டே ஆக வேண்டிய ஒரே பேச்சு அதுதான். வாழ்க்கையில் ஒரு முறைதான் கிடைக்கும். அம்மா அதற்காகக் காத்திருந்தாள். அத்தனை பேர் முன்னால் ஒன்பதாம் வகுப்பைக் கேட்டுவிட்டால் தாளாளர் 'பார்க்கலாம்' என்று நழுவ முடியாது. உண்டு என்றோ இல்லை என்றோ மைக்கில் சொல்லியாக வேண்டும். இல்லை என்று சொல்லுகிற துணிச்சல் அவருக்குக் கிடையாது என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு சரிதான்.

ஒரு மாதம் முழுக்க அடுப்படியில் அந்தப் பேச்சு ஓடியது. "பெண் குழந்தைகளை ரயிலேற்றி அனுப்பப் பயப்படுகிறீர்கள். உங்கள் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ரயில் வேண்டாம். பள்ளிக்கூடத்தை வளருங்கள்." இந்த இடத்தில் நிறுத்தி, புளியைக் கரைத்து ஊற்றிவிட்டு, மறுபடி தொடருவாள். நல்ல பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அப்பா மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரு வார்த்தை சொன்னார்.

"சுருக்கமாப் பேசு. சீஃப் கெஸ்ட்டுக்கு ட்ரெய்ன் இருக்கும்."

அந்த வருஷத்துச் சீஃப் கெஸ்ட் கீழ்ப்பாக்கத்துக்காரர். ஏதோ பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். என்ன பதவி என்பது தாளாளர் உட்பட யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஸ்டேஷனில் வரவேற்க என்னையும் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயாவையும் மாலையோடு அனுப்பினார்கள். நாங்கள் சேலையூர்ப் பக்கமான கிழக்கு வாசலில் நின்றோம். ஒரு வண்டி வந்தது, அவர் இல்லை. அடுத்த வண்டி வந்தது, அதிலும் இல்லை. தமிழ் ஐயா கையிலிருந்த மாலை வாடத் தொடங்கியது. சீஃப் கெஸ்ட்டோ மேற்குப் பக்கம் இறங்கி, ஓட்டலில் உட்கார்ந்து நிதானமாகக் காபி குடித்து, பிறகு ஒரு ரிக்‌ஷாவைப் பிடித்திருக்கிறார். ரயில்வே கேட் மூடியிருந்ததால் அங்கே வேறு நெடுநேரம் நின்றிருக்கிறார். நாங்கள் வாடிய மாலையோடு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபோதுதான் அவரும் வந்து இறங்கினார்.

"இன்னா சார் இது, சுத்திகினு சுத்திகினு இஸ்துகினு வந்துக்கீறேன், மேல போட்டுக் குடு" என்று ரிக்‌ஷாக்காரர் கேட்க, சீஃப் கெஸ்ட் அது தன் காதில் விழாத மாதிரி எங்களைப் பார்த்து, "என்னய்யா, இவ்வளவு தூரத்துல வச்சிருக்கீங்க?" என்றார். நாங்கள் என்னமோ பள்ளிக்கூடத்தை வேண்டுமென்றே தள்ளி வைத்துவிட்ட மாதிரி. தாளாளரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

குழந்தைகள் மத்தியான வெயிலிலிருந்தே பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னதுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிப்போயிருந்தன. செம்பாக்கத்திலிருந்து ஏரிக்கரை வழியாக நடந்து வந்திருந்த பெற்றோர்கள் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொருவராக எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா யாருக்காகப் பேச நினைத்தாளோ அந்தப் பெண்களின் அப்பா அம்மாக்கள் அவர்கள்தான். மேடையில் இருந்தபடி அவர்கள் போவதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சீஃப் கெஸ்ட் எழுந்து பேசினார். "இந்தப் புகழ்பெற்ற கல்லூரியின் மாணவச் செல்வங்களே" என்று தொடங்கினார். பந்தலில் ஒரு சலசலப்பு. அவர் கல்லூரிக்கு வந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். தாம்பரம் என்றால் கல்லூரி, கல்லூரி என்றால் தாம்பரம், வேறு என்ன இருக்கப் போகிறது அந்தக் காட்டில்? மூக்கொழுகிக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்து, நாளைக்கு நீங்கள் ஆராய்ச்சி செய்ய வேண்டும், அயல்நாடுகளுக்குப் போக வேண்டும், ஆனால் அங்கேயே தங்கிவிடக் கூடாது என்று எச்சரித்தார். யாராவது ஒரு சீட்டு எழுதி நீட்டி அவரைத் திருத்துவார்கள் என்று நான் தாளாளரைப் பார்த்தேன். அவர் முகம் மலர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். மெட்ராஸ்காரர் வாயால் தன் எட்டாம் வகுப்புப் பள்ளிக்கூடம் கல்லூரி ஆகிவிட்டதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

பிறகு அவர் எங்கள் காற்றைப் புகழ்ந்தார். மரங்களைப் புகழ்ந்தார். "நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். நகரத்து நெரிசல் உங்களுக்குக் கிடையாது" என்றார். நகரத்து நெரிசலில் தினமும் இரண்டு வேளை கசங்கி வந்த அத்தனை ஆபீஸ்காரர்களும் கை தட்டினார்கள். என் அப்பாவும் தட்டினார். அதற்குப் பிறகு சீஃப் கெஸ்ட் தன் உத்தியோக வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொன்னார். விளக்குப் போட வேண்டியிருந்தது. ஓய்வு பெறுகிற ஆசிரியையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அப்படி ஒருத்தி மேடையில் இருப்பது அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

உட்கார்ந்தவுடன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தாளாளர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். தாளாளர் மைக்குக்கு ஓடினார்.

அம்மா அதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். கழுத்தில் மாலை, கையில் ஒன்றும் இல்லை, எல்லாம் மனப்பாடம். மைக்கை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"நேரமின்மை காரணமாக இத்துடன் விழா நிறைவு பெறுகிறது. தேசிய கீதம்" என்றார் தாளாளர்.

குழந்தைகள் அந்த வார்த்தைக்காகவே மத்தியானத்திலிருந்து காத்திருந்தார்கள். முதல் வரியை அவர்கள் அப்படி ஓங்கிப் பாடி நான் கேட்டதே இல்லை. தேசிய கீதம் பாடும்போது அசையக் கூடாது, பேசக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அம்மா. பேசுவதற்காக எழுந்தவள் அப்படியே விறைப்பாக, வாயை மூடிக்கொண்டு நின்றாள். பாட்டு முடிந்ததும் பந்தல் கலைந்துவிட்டது.

படியிறங்கும்போது சீஃப் கெஸ்ட்டுக்கு யாரோ எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அம்மா பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"அடடா, பாவம், நீங்களும் ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம். ட்ரெய்னுக்கு நேரமாயிடுச்சு."

தாம்பரத்திலிருந்து மெட்ராஸுக்கு அடுத்தடுத்து மின்சார வண்டி உண்டு. ஒன்று போனால் இன்னொன்று. அவர் எந்த வண்டியில் போனாலும் கீழ்ப்பாக்கம் அதே இடத்தில்தான் இருந்திருக்கும். ஆனாலும் தாளாளர், ஆசிரியர்கள், காலனிச் சங்கத்தார் எல்லோரும் அவரை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு ஊர்வலமாகப் போனார்கள். வண்டியோ கிளம்பாமல் நெடுநேரம் நின்றதாம், ஜன்னலோரம் அவரை உட்காரவைத்து இவர்கள் வெளியே நின்று சிரித்துக்கொண்டே இருந்தார்களாம். அப்பா வந்து பெருமையாகச் சொன்னார்.

வீட்டில் அம்மா மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உப்புமா கிளறினாள். நான் குதித்தேன். நாளைக்கே தாளாளர் வீட்டுக்குப் போய்க் கத்துங்கள் என்றேன். "விடு" என்றாள். அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பு வரவில்லை. காலி ஷெட்டில் விழா நாற்காலிகளை அடுக்கி வைத்தார்கள்.

ஆனால் பேச்சு அம்மாவுக்குள்ளேயே தங்கிவிட்டது. அரிசியில் கல் பொறுக்கும்போது உதடு அசையும். என்ன அம்மா என்றால் ஒன்றுமில்லை என்பாள். ஒரு நாள் கொல்லையில் துணி உலர்த்தும்போது "ரயில் வேண்டாம்" என்று கொடிக்கம்பியைப் பார்த்துச் சொன்னதை நானே கேட்டேன். எனக்கு அழுகை வந்தது. அந்தக் கீழ்ப்பாக்கத்து மனிதர் என் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று பலவிதமாக யோசித்துவைத்திருந்தேன்.

சில வருஷங்கள் போயின. எனக்கு நகரத்தில் வேலை கிடைத்து, நானும் காலை ரயிலுக்கு ஓடுகிறவளாகிவிட்டேன். ஒரு நாள் அம்மாவின் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். அவளும் டீச்சர் ஆகி, கோவளத்தில் மீனவப் பிள்ளைகள் படிக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே தலைமை ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். பிரிவு உபசார விழா வைத்திருக்கிறார்கள்.

"நீங்கதான் டீச்சர் சீஃப் கெஸ்ட்டா வரணும். டவுன்லேருந்து யாராவது வந்தாதான் ஊர் ஆம்பளைங்க எட்டிப் பாப்பாங்க. வேற எதுக்கும் ஸ்கூல் பக்கம் வரமாட்டாங்க."

டவுன் என்று அவள் சொன்னது தாம்பரத்தை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவள் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது, அதை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பாவம், மேடையில் நடந்த அவமானம் மேடையிலேயே தீரட்டும் என்று சந்தோஷப்பட்டேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை. மீனவர்கள் கடலுக்குப் போகாத நாள் என்பதால் அந்த ஏற்பாடு. நாங்கள் காலை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மத்தியானம் கிளம்பினோம். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் ஏறப் போனேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அடுத்த பஸ்ல போலாம். சீஃப் கெஸ்ட்டு முன்னாடியே போய் உக்காந்திருந்தா நல்லாருக்காது."

யார் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். என் அம்மாவேதான். அடுத்த பஸ் தாமதமாக வந்து, கேளம்பாக்கத்தில் வேறு நின்றுவிட்டது.

கோவளத்தில் நாங்கள் இறங்கியபோது குழந்தைகள் மணலில் வரிசையாக உட்கார்ந்து காகிதக் கொடிகளைக் கடித்துக்கொண்டிருந்தன. ஆண்கள் வலைகளுக்குப் பக்கத்தில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். பங்குச் சாமியார் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார், அந்தப் பள்ளிக்கூடம் அவர் பொறுப்பில் இருந்தது. தலைமை ஆசிரியர் வெள்ளை வேட்டி சட்டையில் ஓடி வந்து கும்பிட்டார். ஒல்லியான மனிதர், குரல் கொஞ்சம் நடுங்கியது.

"டீச்சர், நானும் ரெண்டு வார்த்தை பேசலாம்னு இருக்கேன். இங்க அஞ்சாவதோட நின்னுபோகுது. ஆறாவது இங்கயே ஆரம்பிக்கணும்னு சாமியாரை எல்லார் முன்னாடியும் கேக்கப் போறேன். இன்னிக்குதான் ஊரே கூடியிருக்கு."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கண்டிப்பாக் கேக்கணும் சார். விடாதீங்க" என்றாள். சரியான ஆளிடம் சரியான ஆள் வந்து சேர்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அம்மா பேச எழுந்தாள். "பெண் குழந்தைகளை ரயிலேற்றி அனுப்பப் பயப்படுகிறீர்கள்" என்று தொடங்கினாள்.

கோவளத்தில் ரயில் கிடையாது. கூட்டத்தில் பாதிக் குழந்தைகள் ரயிலைப் பார்த்ததே இல்லை. மீனவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண்மணி வாயைப் பொத்திச் சிரித்தாள். அம்மா எதையும் பார்க்கவில்லை. அவள் கண் எதிரே இருந்தது அந்தப் பழைய பந்தல். சேலையூர், காலி ஷெட், ஒன்பதாம் வகுப்பு, ஒவ்வொரு மே மாதமும் குடித்த காபி என்று ஒன்று விடாமல் வந்தது. தாளாளர் அவர்களே என்று இல்லாத ஒருவரைக் கூப்பிட்டாள். சாமியார் யாரை என்று சுற்றிலும் பார்த்தார். புளி கரைக்க நிறுத்திய இடத்தில் இங்கேயும் நிறுத்தினாள். இத்தனை வருஷம் அடைபட்டுக் கிடந்த பேச்சு, அதை நிறுத்த யாராலும் முடியாது. உண்மையைச் சொன்னால் அருமையாகப் பேசினாள். அதே சமயம் ஆறாம் வகுப்பு எப்போது வரும், எப்போது வரும் என்று ஒவ்வொரு வாக்கியமாகக் காத்திருந்தேன். அது வரவேயில்லை. கடைசியில், "உங்களுக்கு என்ன, நல்ல கடற்காற்று. கொடுத்து வைத்தவர்கள்" என்று சொல்லி முடித்தாள்.

அதற்குள் கண்டக்டர் பந்தலுக்கே வந்துவிட்டார்.

"யம்மா, கடைசி பஸ்ஸு இது. ஒனக்கோசரம் நிறுத்தி வெச்சிகினு கீறேன். டிரைவர் கத்திகினு கீறாரு, வந்து ஏறு."

மேடையில் ஒரு பரபரப்பு. அம்மாவின் மாணவி மைக்கைப் பிடித்து, "நேரமின்மை காரணமாக" என்றாள். அந்த வார்த்தையை அவள் எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றாள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தலைமை ஆசிரியர் மாலையோடு பாதி எழுந்திருந்தார். குழந்தைகள் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்தன. அந்தப் பள்ளிக்கூடத்தில் தினமும் தேசிய கீதத்தைத் தொடங்கி வைப்பது அவர்தான், அவர் தொடங்காமல் பிள்ளைகள் பாடாது. ஒரு கணம் நின்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவரே தொடங்கினார்.

பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். உட்கார்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பல வருஷமாக நான் பார்க்காத ஒரு தெளிவு அந்த முகத்தில் இருந்தது.

"எல்லாம் சொல்லிட்டேன் இல்ல?"

"சொல்லிட்டீங்க" என்றேன்.

வழியனுப்ப எல்லோரும் வந்து நின்றார்கள். தலைமை ஆசிரியர் மாலையைக் கழற்றாமல் கும்பிட்டார். அம்மாவும் ஜன்னல் வழியாகக் கும்பிட்டாள். பஸ் நகர்ந்தது. சாலை திரும்புகிற வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாவம், அவரும் ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

கேளம்பாக்கம் வருவதற்குள் அம்மா நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.